சந்தேகத்தைப் படிப்பித்த வருஷம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்முனைக்குப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு அளவையியலும் மேலைத்தேய மெய்யியலும் படிப்பித்தேன். எனக்கு முன் அந்தப் பாடத்தை எடுத்தவர் பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வந்துபோன தமிழர் ஒருவர். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று பார்த்துப் பயப்படத் தொடங்கியபின் அவர் வரவில்லை. ஆசிரியர் அறை அலுமாரியில் அவருடைய குறிப்புக் கொப்பி மட்டும் கிடந்தது. பாடப் புத்தகம் கிடைக்காத காலம். அந்தக் கொப்பியை வைத்துத்தான் நானும் படிப்பித்தேன். அவருடைய கையெழுத்து என்னுடையதைவிட அழகு.

வகுப்பில் பதினொரு பேர். அதில் ஒரு பிள்ளை மற்றவர்கள் எழுதி முடிக்கும்வரை பேனையை மூடி வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருப்பாள். அவளுடைய வாப்பாவுக்குச் சவளக்கடைப் பக்கம் மூன்று ஏக்கர் வயல். முந்திய வருஷம், அறுவடைக்கு ஒரு கிழமை இருக்கும்போது, கதிர் முற்றிவிட்டதா என்று பார்க்க இன்னும் மூன்று பேரோடு உழவு இயந்திரத்தில் போனார். அஸர் தொழுகைக்குள் வந்துவிடுவோம் என்று சொல்லிப் போனவர்கள் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வாய்க்கால் கட்டில் இயந்திரம் மட்டும் நின்றதாகத் தகவல் வந்தது. வெடிச்சத்தம் கேட்டதாக ஒருவர் சொன்னார். நாலு பேரையும் கண்ணைக் கட்டிக் கூட்டிப்போனதைக் கண்டதாக இன்னொருவர் சொன்னார். யாருடைய உடலும் கிடைக்கவில்லை. வெள்ளாமை வெட்டப்படாமலே சாய்ந்து முளைத்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு அந்தப் பாடத்தை எடுத்தேன்.

பிரெஞ்சு தேசத்து மெய்யியலாளர் ஒருவரின் சந்தேக முறை அன்றைய பாடம். கண் ஏமாற்றும், காது ஏமாற்றும். இப்போது விழித்திருக்கிறோமா கனவு காண்கிறோமா என்றுகூட நிச்சயமில்லை. ஆகவே சந்தேகிக்கக்கூடிய எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, சந்தேகிக்கவே முடியாமல் மிஞ்சுவதை மட்டும் அறிவு என்று எடுக்க வேண்டும். நான் நன்றாகப் படிப்பித்தேன் என்றுதான் நினைக்கிறேன். வகுப்பு அசையாமல் இருந்தது.

அந்தப் பிள்ளை எழுந்து நின்றாள்.

"சேர், சந்தேகப்பட இடம் இரிந்தா அதத் தெரியும் எண்டு சொல்ல ஏலாதா?"

"ஏலாது. நம்பிக்கை எண்டு சொல்லலாம். அபிப்பிராயம் எண்டு சொல்லலாம். அறிவு எண்டு சொல்ல ஏலாது."

"எல்லாரும் சேர்ந்து சொன்னாலும்?"

"ஊரே சேர்ந்து சொன்னாலும் ஏலாது."

அவள் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தாள். "அப்ப எங்கட வாப்பா மௌத்தாகிட்டார் எண்டு ஆருக்கும் தெரியா. என்ன சேர்?"

அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். பாடத்தை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அப்போது இருபத்தேழு வயது. ஒரு மாணவி நான் சொன்னதிலிருந்து, வாப்பாவின் சாவையும் அறிவென்று சொல்ல ஏலாது என்று இவ்வளவு சரியாக ஒரு முடிவை எடுத்துவிட்டாளே என்ற சந்தோசம்தான் முன்னுக்கு வந்தது.

"ஓம் புள்ள. தர்க்கப்படி சரி. கெட்டித்தனமான கேள்வி" என்றேன்.

இடைவேளையில் அதை ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கோப்பையைக் கழுவ எழும்பிப் போனார்.

நாலைந்து நாள் கழித்து அவளுடைய சாச்சா, வாப்பாவின் தம்பி, பாடசாலைக்கு வந்தார். சந்தையில் மரக்கறி விற்பவர். கைலியை மடித்துக் கட்டியபடி, வெளி மதிலோரம் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"சேர், நீங்க எங்கட புள்ளைக்கு என்னத்தப் படிப்பிச்ச?"

நான் விளங்கவில்லை என்றேன். அவர் கோபப்படாமல்தான் சொன்னார். ஒரு வருஷமாக எல்லா இடமும் தேடி முடித்தபின், கிடைத்த தகவல்களை எல்லாம் பள்ளிவாசல் மௌலவியிடம் சொல்லி, இனி மௌத்து என்றுதான் எடுக்க வேண்டும் என்று குடும்பத்தில் முடிவு செய்திருந்தார்கள். மதினி, அதாவது பிள்ளையின் உம்மா, விதவைக்குரிய இத்தா இருக்கச் சம்மதித்து, வெள்ளைச் சேலையும் எடுத்து வைத்தாயிற்று. நாலு மாதமும் பத்து நாளும் துக்கம் காத்து எழும்பினால் அந்த மனுசிக்கு ஒரு வழி பிறக்கும். அந்த நேரத்தில் மகள் முன்னால் வந்து நின்று, "உம்மா, வாப்பா மௌத்து எண்டு நமக்குத் தெரியா. தெரியாத ஒண்டுக்கு இத்தா இரிக்க ஏலா. எங்கட சேரும் அதத்தான் சொன்னார்" என்றிருக்கிறாள். உம்மா சேலையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"நான் பாடத்தைத்தான் சொன்னேன்" என்றேன்.

"பாடத்தப் பாடசாலைக்குள்ள வைங்க சேர். அந்த மனுசிக்குப் படிப்பில்ல. மகள் படிச்ச புள்ள, அவள் சொன்னாச் சரி எண்டு இரிக்கா."

அவர் போனபின்னும் நான் அந்த மதிலோரமே நின்றேன். அடுத்த பாடத்துக்கு மணி அடித்தது கேட்கவில்லை.

அதன்பிறகு அந்த உம்மா தேடத் தொடங்கினார். முன்பு ஆண்கள் தேடினார்கள். இப்போது அவரும் மகளும். முகாம் வாசல்களிலும் அரசாங்க அலுவலகமான கச்சேரியிலும் ஆஸ்பத்திரியிலும் அவர்களைக் கண்டதாகச் சொன்னார்கள். யாராவது விடுதலையாகி வந்தார் என்று கேள்விப்பட்டால், அது அக்கரைப்பற்றாக இருந்தாலும் பஸ் ஏறிப் போனார்கள். கையில் நிக்காஹ் அன்று எடுத்த ஒரு படம். விண்ணப்பக் கடிதங்களை எல்லாம் மகள்தான் எழுதினாள். ஒன்றை என்னிடம் திருத்தக் கொண்டுவந்தாள். திருத்த ஒன்றும் இருக்கவில்லை. அவ்வளவு தெளிவான தமிழ்.

பரீட்சையில் என் பாடத்தில் மிகச் சிறந்த பெறுபேறு அவளுக்குத்தான். பல்கலைக்கழக இடமும் வந்தது. அவள் போகவில்லை. உம்மாவைத் தனியே விட ஏலாது என்றாள். மாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வீட்டோடு இருந்தாள்.

அந்தச் செய்தி கேட்ட கிழமையே நான் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். சாச்சா முன்பக்கத்தில் ஒரு கதிரை போட்டார். உம்மா கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றார். மகள் வாசலில் நின்றாள். நான் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன்.

"புள்ள, நான் அண்டைக்குச் சொன்னது வகுப்புக்குச் சரி. மனிசர் வாழுறதுக்கு அது சரிவராது. அவ்வளவு நிச்சயம் ஆருக்கும் ஒண்டிலயும் கிடைக்காது. நான் பிழையா விட்டுட்டன்."

அவள் தலையசைத்தாள். "நீங்க பிழை விடல்ல சேர். எனக்கு அப்பவே விளங்கினதான். ஆனா வாப்பா இரிக்கார் எண்டு நினைக்க எனக்கு ஒரு சாட்டு வேணுமா இரிந்த. நீங்க தந்தீங்க, நான் எடுத்துக்கிட்டன்."

சீலைக்குப் பின்னாலிருந்து உம்மா கேட்டார்: "சேர், நீங்க படிச்ச மனிசன். அவர் இரிக்காரா, இல்லயா? நீங்க சொல்லுங்க, நான் கேட்கிறன்."

இல்லை என்று சொல்லத்தான் நான் போயிருந்தேன். அந்த ஒரு சொல்லுக்காக அவர் எத்தனை நாள் காத்திருந்தாரோ. சாச்சா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சீலை அசையவில்லை.

"எனக்குத் தெரியா ராத்தா" என்றேன்.

உள்ளே உம்மா அடுப்படிப் பக்கம் நடப்பது கேட்டது. பிறகு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

இன்னும் மூன்று வருஷம் போனது. புதிதாக ஒரு தகவலும் வரவில்லை. ஒரு மாரிகாலத்தில் கிட்டங்கி ஆறு பெருகி வயல் பக்கத்துப் பாதை அடைபட்டிருந்தபோது, ஒரு விடியலில் அந்த உம்மா தானாகவே வெள்ளைச் சேலையை உடுத்துக்கொண்டு இத்தாவுக்கு மூலையில் இருந்துவிட்டாராம். ஏன் இப்போ என்று மகள் கேட்டதற்கு, "எனக்குக் களைச்சுப் போயிட்டு மகள்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சாச்சாதான் சந்தையில் வைத்து இதை எனக்குச் சொன்னார். வெண்டிக்காயைத் தராசில் போட்டபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

உம்மா இத்தா முடித்து எழும்பிய அடுத்த வருஷம் மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை சம்மாந்துறையில் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர் என்றார்கள். சாட்சிகளில் ஒருவராக நான் வர வேண்டும் என்று அவள் சொல்லியனுப்பியிருந்தாள். பதிவாளர் படிவத்தை நிரப்பிக்கொண்டே, "பொண்ணுக்குப் பொறுப்பான வலி ஆரு?" என்றார்.

"நான். சாச்சா."

"வாப்பா?"

"மௌத்து" என்றார் சாச்சா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

பதிவாளர் அப்படியே எழுதினார். படிவம் என் பக்கம் வந்தது. நான் கையெழுத்திட்டேன். மை கொஞ்சம் பரவிவிட்டது.

சாப்பாட்டுக்கு, பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சஹனில் உட்கார்ந்தபோது, சாச்சா என் எதிரே வந்து அமர்ந்தார். நடுவிலிருந்த இறைச்சியில் பெரிய துண்டைப் பிய்த்து என் பக்கமாகத் தள்ளி வைத்தார். எனக்குப் பசியில்லை. ஆனாலும் முழுவதையும் சாப்பிட்டேன்.