இருபத்து மூன்று வயதுக்கு எக்சஸ்

கழுதை அசையவே இல்லை. அதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. மன்னார் பட்டினத்துக்குள் நுழைகிற இடத்தில், நடு வீதியில், எதையோ யோசித்துக்கொண்டு நின்றது. நான் பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினேன். கார் போய் மதகுக் கட்டில் மோதியது. முன்விளக்கு நொறுங்கி, பம்பர் கழன்று, ரேடியேற்றரிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. கழுதை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் நின்றது.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வெள்ளாங்குளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். வீடு வங்காலையில். பஸ்ஸை நம்பினால் முதற்பாடம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். அதனால் முதல் வருடம் முழுக்க அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கி, தனியே சமைத்துத் தனியே சாப்பிட்டு வெறுத்துப்போனேன். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அப்பா இந்தப் பழைய சின்னக் காரை வாங்கினார். விடிய வெளிக்கிட்டுப் போய், பின்னேரம் வீட்டுக்கே திரும்பிவிடுவேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் கார் அப்பாவின் பெயரில். அதற்கு இன்சூரன்ஸ்தான் காரணம். எங்கள் ஊர் முகவர், கோயிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து பூசை காண்கிறவர், படிவத்தை மேசையில் விரித்தபடி சொன்னார்:

"பிள்ளையின்ர பேரில போட்டால் கட்டுற காசு கூட வரும். அண்ணையின்ர பேரில போடுவம். முந்தி ஓடின வான் வண்டிக்கு ஒரு கிளெய்மும் எடுக்காததால அவருக்கு நல்ல போனஸ் இருக்கு, காசு குறையும்."

அந்த போனஸ் அப்பாவுக்கு ஒரு பதக்கம் மாதிரி. இத்தனை வருடம் ஓடியும் ஒரு கீறல் இல்லை என்று யார் வந்தாலும் சொல்லுவார்.

ஒப்பந்தத்தை முழுக்க வாசித்தது வீட்டில் நான் ஒருத்திதான். வாசித்ததும் எரிச்சல் வந்தது. விபத்துக்காக வருடா வருடம் கட்டுகிறோம். விபத்து நடந்தால் திருத்தச் செலவின் முதற்பங்கை மறுபடி நாங்களே கட்டவேண்டும். அதற்குப் பெயர் எக்சஸ். காரை ஓடினவருக்கு இருபத்தைந்து வயது ஆகவில்லை என்றால் அதற்கு மேலே இன்னொரு எக்சஸ். குடித்துவிட்டு ஓடினாயா, வேகமாக ஓடினாயா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. பிந்திப் பிறந்ததற்குத் தண்டம். முகவரிடம் கேட்டேன். "அதெல்லாம் சும்மா எழுதியிருக்கும் பிள்ளை, ஒண்டும் நடக்காது" என்று தேத்தண்ணியைக் குடித்தார்.

விபத்து நடந்த அன்று முகவர்தான் அப்பாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். காயம் இல்லை என்று கண்டதும் காரைப் பார்த்தார். முகவர் எங்கள் இருவரையும் ஓரமாக இழுத்தார்.

"அண்ணைதான் ஓடினது எண்டு சொல்லுவம். அப்ப அந்த வயசு எக்சஸ் வராது."

"ஏன் பொய் சொல்லோணும்?" என்றேன்.

"நீ பேசாமல் நில்லு" என்றார் அப்பா.

சரி, நிற்கிறேன் என்று நின்றேன். அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். கொஞ்சத்தில் கம்பனியின் மதிப்பீட்டாளர் வந்தார். முசலிப் பக்கத்து முஸ்லிம் மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். காரைச் சுற்றி வந்து படம் எடுத்தார். எல்லாப் படத்திலும் கழுதை நின்றது.

"ஆர் ஓடினது?"

"நான்தான்" என்றார் அப்பா.

அவர் காருக்குள் குனிந்து பார்த்தார். பிறகு, "ஐயா, ஒருக்கா ஏறி இருங்கோ, ஒரு படம் எடுக்கோணும்" என்றார்.

அப்பா ஆறடி. வள்ளம் இழுத்து அகன்ற உடம்பு. நான் ஐந்தடிக்கும் குறைவு. ஓட்டுநர் சீற்றை நன்றாக முன்னால் இழுத்து, வீதி தெரிவதற்காக இரண்டு குஷன் போட்டு வைத்திருந்தேன். அப்பா ஒரு காலை உள்ளே வைத்தார். முழங்கால் ஸ்டியரிங்குக்குக் கீழே சிக்கியது. உடம்பை நுழைத்தார். தலை கூரையில் இடித்தது. இடுப்புச் சாரத்தைப் பிடித்தபடி, கழுத்தை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு இருந்தார்.

"இப்பிடியே ஓடினனீங்கள் ஐயா?"

"பழகினால் ஓடலாம்" என்றார் அப்பா.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அதை ஒளிப்பதற்கில்லை. ஏறி இருங்கோ என்று அவர் சொன்ன உடனேயே சீற் காட்டிக்கொடுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். என்னைப் பேசாமல் நிற்கச் சொன்னீர்கள்தானே என்ற கோபத்தில், அப்பா அந்த இடுக்கில் நெளிந்து முடியும்வரை வாய் திறக்காமல் நின்றேன்.

மதிப்பீட்டாளர் பேனையை மூடினார். "பிழையாய் எழுதினால் முழுக் கிளெய்மும் போயிடும். அதுதான் எழுத முந்திக் கேக்கிறன்."

"நான்தான் ஓடினனான்" என்று லைசன்சை நீட்டினேன்.

அப்பா ஒவ்வொரு காலாக வெளியே எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. காரின் திறப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கிளெய்ம் சரிவந்தது. சாதாரண எக்சஸ், வயதுக்கான எக்சஸ் இரண்டும் என் சம்பளத்தில் போயின. அப்பாவின் போனஸ் போயிற்று. முகவர் வீட்டுக்கு வந்து, "பிள்ளை கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்று எனக்கே புத்தி சொன்னார். வந்த ஆத்திரத்தில் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். அங்கே அம்மா, "கார் ஓடினது காணும். இனி அங்கயே அறை எடுத்து நில்லு" என்றார். அப்பா இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. உண்மை சொன்னதற்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும்? சிரித்ததற்குக் கேட்டிருக்கலாம். அது தெரிந்தும் கேட்கவில்லை. பிந்தின பஸ்ஸில் போய் அதிபரிடம் தினமும் ஏச்சு வாங்கினேன். பழைய அறைக்கார அம்மாவுக்கு ஃபோன் பண்ணி இடம் இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டேன்.

கார் திருத்தி முடிந்த ஞாயிறு, அப்பாவே கராஜுக்குப் போய் அதை ஓட்டிக்கொண்டு வந்தார். திறப்பு மறுபடி சட்டைப் பைக்குள் போனது.

திங்கள் விடிய பஸ்ஸுக்கு வெளிக்கிட்டேன். கார் வீதியைப் பார்த்தபடி திருப்பி விடப்பட்டிருந்தது. திறப்பு அதிலேயே தொங்கியது. அப்பா விறாந்தையில் முதுகைக் காட்டிக்கொண்டு வலையில் ஏதோ பார்ப்பதுபோல் இருந்தார். கதவைத் திறந்தேன். சீற் போகக்கூடிய மட்டும் முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. இரண்டு குஷனும் அதன்மேல் இருந்தன. ஏறி இருந்தால் என் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. நான் என்ன அவ்வளவு கட்டையா என்று வாய்க்குள் திட்டியபடி, சீற்றை ஒரு பல் பின்னுக்குத் தள்ளினேன்.