மணி பார்த்துக் கொடுத்த பால்

என் மகளை வளர்த்தது ஒரு பிரெஞ்சுப் புத்தகம். பெற்றது மட்டும் நான்.

முப்பதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் சைகோன் உத்தியோகத்திலிருந்து புதுச்சேரிக்கே மாற்றலாகி வந்தார். வரும்போது இரண்டு சாமான்களைத் துணியில் பொதிந்து கொண்டுவந்தார். ஒன்று அலாரம் கடிகாரம். மற்றது, பிள்ளை வளர்ப்பைப் பற்றி யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டர் எழுதிய தடித்த புத்தகம். எனக்குப் பிரெஞ்சில் ஜெபம் சொல்லத் தெரியும், படிக்கத் தெரியாது. அவர்தான் படித்துத் தமிழில் சொல்வார். குழந்தை என்பது நுட்பமான யந்திரமாம். யந்திரத்துக்கு எண்ணெய் மாதிரி அதற்கு நேரத்துக்குப் பால். அழுகை நுரையீரலுக்குப் பயிற்சி. அழும்போதெல்லாம் தூக்கினால் உணர்ச்சிக்கு அடிமையாகி, பெரிதானதும் உருப்படாமல் போகும். இதையெல்லாம் பூசையில் சுவிசேஷம் வாசிக்கிற குரலில் வாசிப்பார்.

அந்த டாக்டர் பனி பெய்கிற ஊர்க்காரர் என்பது இவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. கத்திரி வெயிலில் பச்சைப் பிள்ளைக்குக் கம்பளிக் குல்லா. தலையெல்லாம் வேர்க்குரு. நான் கழற்றினால் அவர் திரும்ப மாட்டுவார். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இங்கே இரண்டு பேரும் சேர்ந்து என் பிள்ளையைக் கெடுத்தார்கள்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் அலாரம் அடிக்கும். அதற்கு முன்னால் அவள் அழுதால், என்னை அறையிலிருந்து வெளியே அழைத்துவந்து கதவைச் சாத்துவார். கோபமாக அல்ல, சத்தமே வராமல். அவள் உள்ளே வீரிட்டுக் கத்துவாள். வெளியே என் ரவிக்கை நனைந்து பால் வயிற்றில் வழியும்.

முத்தியால்பேட்டையிலிருந்து வந்த என் அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கதவில் கை வைத்தாள்.

“மணி ஆகல அத்தை. புத்தகத்துல தெளிவா போட்டிருக்கு,” என்றார் இவர்.

“புத்தகமா மாப்ளே பெத்துச்சி இத? அது தொண்ட கிழிய கத்துது, நீங்க முள்ளப் பாத்துக்கினு நிக்கிறீங்க.”

அவர் சிரித்தார். அம்மா வருவது குறைந்துவிட்டது.

புத்தகம் ஜெயித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களில் அவள் அழுவதை நிறுத்திவிட்டாள். நடக்கத் தொடங்கிக் கீழே விழுந்தபோதும் அழவில்லை, காய்ச்சலில் கொதித்தபோதும் அழவில்லை. வீட்டுக்கு வரும் சிநேகிதர்கள் முன்னால் அவளை நிறுத்தி, “பாருங்க, எவ்ளோ சமத்து,” என்று காட்டுவார். நான் கையை நீட்டினால் கையைப் பார்ப்பாள், வரமாட்டாள். பிள்ளை இன்னும் எனக்கு மிச்சம் இருக்கிறதா என்று தினமும் கையை நீட்டிப் பார்ப்பேன்.

அவளுக்கு நாலு வயது நடக்கும்போது அம்மா செத்துப்போனாள். அண்ணன் ஆள் அனுப்பியிருந்தான். இவர் உத்தியோகத்துக்குக் கச்சேரிக்குப் போயிருந்தார். நான் அறையில் தரையில் விழுந்து, மாரில் அடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். அந்த வீட்டில் அதுவரை நானும் அழுததில்லை.

மகள் அறை வாசற்படியில் வந்து நின்றாள்.

“இங்க வாடி கண்ணு,” என்று இரண்டு கையையும் நீட்டினேன். ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். உலகத்தில் எனக்கு அந்த நேரம் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குதிகாலை உயர்த்தி, கைப்பிடியை எட்டிப் பிடித்து, சத்தமே வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.