பத்து லட்சத்து ஒன்று

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பி.எஸ்ஸி. படித்த திமிர் நிறையவே இருந்தது. அதே பள்ளியின் தமிழ் ஐயாவும் நானும் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரே அறையில் தங்கியிருந்தோம். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

ஒரு வெள்ளிக்கிழமை பகா எண் பாடம். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண் என்று விளக்கினேன். பெரியதாக ஒன்று சொல்லுங்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பலகையில் 1000001 என்று எழுதினேன். இரண்டு, மூன்று, ஐந்து என்று தொடங்கித் தொண்ணூற்றேழு வரையுள்ள பகா எண்களால் வகுத்தேன். எல்லாவற்றிலும் மீதி விழுந்தது. ஆயிரம் வரை பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மணி அடித்துவிட்டது. "இது பகா எண்தான்" என்று சொல்லி அடிக்கோடு போட்டேன்.

மறுநாள் மாலை ஐயா ஒரு தாளோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். யாரோ ஒரு பையனின் நோட்டில் அந்த எண்ணைப் பார்த்திருக்கிறார்.

"கோச்சிக்காதீங்க சார். நூத்தியொண்ணுல போவுது. ஒம்போதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒரு தடவ. நீங்க நிறுத்துன எடத்துக்கு அடுத்த பகா எண்ணே அதான்."

"உனக்கு இன்னாய்யா தெரியும் கணக்கு? போய் இலக்கணம் நடத்து."

தாளைப் பிடுங்கிக் கிழித்தேன். அவர் சிரித்தார்.

"கிழிச்சா மீதி வந்துடுமா?"

முகத்தில் குத்தினேன். உதடு பிளந்து மல்லாந்து விழுந்தார். மார்பில் ஏறி உட்கார்ந்து மறுபடியும் குத்தினேன். பல் ஒன்று உடைந்து என் விரல் முட்டியில் குத்தி நின்றது. அவர் கைக்கு எட்டிய பித்தளைச் சொம்பை எடுத்து என் நெற்றியில் அடித்தார். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அப்போதும் நான் அவர் கழுத்தை விடவில்லை. பக்கத்துத் தகரக்கடை பாய் ஓடி வந்து எங்களைப் பிரித்தார்.

"ரெண்டு பேரும் வாத்தியாருங்க! இன்னாத்துக்கு இப்டி அடிச்சிக்கிறீங்க?"

எல்லாம் ஒரு எண்ணுக்காக.

அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டம், துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன எங்கள் இருவரையும் விலகி நின்று பார்த்தது. நெற்றியில் எனக்கு நாலு தையல். ஐயா பெஞ்சில் குனிந்து வாளியில் ரத்தம் துப்பிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மனதுக்குள் வகுத்தேன். மீதியே இல்லை.

திங்கட்கிழமை கட்டோடு வகுப்புக்குப் போய் 101 × 9901 என்று எழுதினேன். "நான் சொன்னது தப்பு. இதக் கண்டுபிடிச்சவரு தமிழ் ஐயா" என்றேன். பிள்ளைகள் பலகையைப் பார்க்காமல் என் நெற்றியையே பார்த்தார்கள்.

அதற்குள் அவர் அறையைக் காலி செய்திருந்தார். புது இடத்தைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். கதவைப் பாதி திறந்து, "கணக்கு சரியாயிடுச்சு இல்ல? போங்க சார்" என்று சொல்லிச் சாத்திக்கொண்டார்.

அங்கே இன்னும் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். அடுத்த வகுப்பில் அவர் செய்யுள் சொல்லும்போது, அந்தப் பல் இல்லாத இடத்தில் காற்று சீழ்க்கை அடிக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அது தெளிவாகக் கேட்கும்.