வெளிச்சம் மேலே போன வருடங்கள்

பெரிய மருத்துவமனை ஒன்றின் பதிவறையில் அவளுக்கு வேலை. நோயாளிகளின் கோப்புகளை எண்வாரியாக அடுக்க வேண்டும், கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். படித்துப் பார்க்கச் சொல்லி யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனாலும் படிப்பாள். ஒருமுறை ஒரே ஆளின் இரண்டு கோப்புகளில் இரண்டு ரத்த வகை எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் அறை வாசல்வரை போய் "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டு நின்றாள். அன்றிலிருந்து அவளுக்கு 'ஏன் அக்கா' என்று பெயர் வந்துவிட்டது.

கணவர் ரொட்டித் தொழிற்கூடத்தில் மாவு பிசையும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். ஆள் வாட்டசாட்டம், குரல் மட்டும் கம்மி. இருவருக்கும் சேர்த்து ஒரே பைக். காலையில் அவள் எடுத்துப் போய் மூன்று மணிக்குத் திரும்புவாள். மூன்றரைக்கு அவர் கிளம்புவார். இன்ஜின் சூடு ஆறுவதற்குள் ஆள் மாறியிருக்கும்.

பைக்குக்கு வயது இருபத்திரண்டு. அவர்கள் வாங்கும்போதே அது பழசு. டேங்கில் சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகியிருந்தது. சீட்டில் இரண்டு தையல். ஆனால் இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட நடுவழியில் நின்றதில்லை. கொட்டுகிற மழையிலும் ஒரே உதையில் எழுந்துவிடும்.

வருடாந்திரத் தகுதிச் சோதனையில்தான் சிக்கல். பிரேக், டயர், புகை எல்லாம் தேறும். ஹெட்லைட் மட்டும் சில வருடங்களில் தவறும். 'ஒளிக்கற்றை உயரம் அதிகம்' என்று தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மெக்கானிக் அதைச் சுவருக்கு எதிரே நிறுத்திப் பார்ப்பார். "சரியாத்தான் இருக்கு அண்ணா. இருந்தாலும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்கிவிட்டேன்" என்பார். மறுசோதனைக்கு அவள் கொண்டுபோவாள். தேறிவிடும்.

தவறிய ஒவ்வொரு முறையும் வண்டியைக் கொண்டுபோனவர் கணவர்தான் என்பதை முதலில் கண்டுபிடித்தது நாத்தனார்.

"எங்கண்ணன் கை வெச்சா அந்த வண்டிக்கு ஆகாது. அண்ணிதான் அதுக்கு ராசி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளும் சிரித்தாள், அவரும் கூடவே சிரித்தார். ஆனால் ஐந்தாவது முறையாகத் தவறிய அன்று, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் வேலைக்குப் பஸ்ஸில் போனார். அதற்கடுத்த நாளும் பஸ்தான்.

"வித்துடலாம். என் கைக்கு அது வேண்டாம்" என்றார்.

"ராசின்னு நீங்களும் நம்பறீங்களா?"

"நம்பலை. ஆனா அஞ்சு தடவை ஆச்சே."

அதுதான் அவளையும் குடைந்தது. ராசி என்றால் அவளுக்குச் சிரிப்புதான் வரும். அதற்காக ஐந்து தடவையைத் தூக்கி எறிந்துவிட முடியுமா? ஞாயிற்றுக்கிழமை பகலில், மறுசோதனைத் தாள்களை ஒதுக்கிவிட்டு, பதினோரு வருடத் தாள்களையும் கட்டிலில் வரிசையாகப் பரப்பினாள். முதலில் தேதியைப் பார்த்தாள். வெயில் காலம், மழைக் காலம் எல்லாம் கலந்திருந்தது. பரிசோதகரின் கையெழுத்தும் மாறி மாறித்தான் இருந்தது. பிறகு, கொண்டுபோனது யார் என்று பார்த்தாள். அவள் ஐந்து முறை, ஐந்தும் தேர்ச்சி. அவர் ஆறு முறை. ஐந்து தவறு, ஒன்று தேர்ச்சி.

அந்த ஒன்றின் மேல் அவள் விரல் நின்றது.

"ஏங்க, ஏழாவது வருஷம் நீங்கதானே போனீங்க? அப்ப மட்டும் எப்படித் தேறுச்சு?"

"அந்த வருஷமா? மஞ்சள் காமாலை வந்து எழுந்திரிச்சிருந்தேனே. வண்டியை ஸ்டாண்ட் போடவே தெம்பில்லை. நீ லீவு கிடைக்காம திண்டாடினே, அதான் நான் போனேன்."

அவளுக்கு அந்த நாட்கள் நன்றாக நினைவிருந்தன. அவருடைய கோப்பை அவளே அடுக்கியிருக்கிறாள். உள்ளே போகும்போது எடை எண்பத்தாறு. வெளியே வரும்போது அறுபத்தெட்டு. பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருந்தார்.

"எடை!" என்று அவள் கத்தியதில் அவர் பதறி எழுந்தார்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு, கணவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சோதனை நிலையத்துக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு நேரம், வரிசை இல்லை. ஒல்லியான பரிசோதகர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஹெட்லைட்டைப் பார்க்கும்போது ஆள் உக்காந்திருக்கணுமா சார்?"

"ஆமாம்மா, ஓட்டறவங்க உக்காந்துதான் பார்ப்போம். ஏன்?"

"ஒரு தடவை நான் உக்காறேன், ஒரு தடவை இவர் உக்காரட்டும். ரெண்டையும் பாத்துச் சொல்லுங்க."

"விளையாட்டா இருக்கு உங்களுக்கு" என்றார் பரிசோதகர். ஆனால் கருவியை இழுத்து வண்டிக்கு முன்னால் வைத்தார். அவள் உட்கார்ந்தாள். கருவியின் திரையில் வெளிச்சப் பொட்டு வரம்புக் கோட்டுக்குக் கீழே ஒழுங்காக நின்றது. அவள் இறங்க, கணவர் ஏறினார். பின்பக்கம் முனகிக்கொண்டு அமுங்கியது. பொட்டு கோட்டைத் தாண்டி மேலே போய் உட்கார்ந்தது.

பரிசோதகர் அவரை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறிப் பார்த்தார்; பொட்டு மறுபடி கோட்டுக்குக் கீழே வந்தது. பிறகு இறங்கி, சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"கையால அமுக்கினா நல்லாத்தான் எழும்புது. பாரம் ஏறினா தாங்கலை. ஹெட்லைட்ல கோளாறே இல்லம்மா. பின்னாடி ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு. வால் இறங்கினா மூக்கு தூக்கத்தானே செய்யும்? நாங்க மூக்கையே பாத்துட்டு இருந்திருக்கோம்."

கணவர் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப என் மேல தப்பு இல்லையா?"

"தப்பு எங்க மேல சார். தேறின வருஷமெல்லாம் வண்டி நல்லா இருந்துச்சுன்னு அர்த்தமில்லை. லேசான ஆள் கொண்டுவந்ததால எங்க கண்ணுக்குப் படலை."

அந்தப் பேச்சு அவளைச் சுருக்கென்று தைத்தது. ராசிக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு, பழுதை வருடா வருடம் மூடி மறைத்தவள் அவள்தான். அதே வண்டியில் அவர் தினமும் எதிரே வருகிறவர்கள் கண் கூச வைத்துக்கொண்டு போயிருக்கிறார். வீட்டு வாசலில், "இத்தனை வருஷம் உங்களைப் பார்த்துச் சிரிச்சேன்" என்றாள்.

"நானும்தான் சிரிச்சேன். விடு" என்றார்.

மெக்கானிக் ஷாக் அப்சார்பர்களைக் கழற்றி, பழைய ஸ்பிரிங்கைப் புதிதின் பக்கத்தில் நிறுத்தினார். பழசு ஒரு விரற்கடை குட்டை. "இத்தனை வருஷம் இதைத் திறந்துகூடப் பாக்கலையே நான்" என்று தலையைச் சொறிந்தார். நாத்தனாரும் வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இதுக்கா அண்ணனைப் போட்டுப் படுத்தினேன்?" என்றவள், அதோடு ராசிப் பேச்சை விட்டாள்.

மறுசோதனைக்குக் கணவரே போனார். அவர் ஏறி உட்கார, வெளிச்சம் கோட்டுக்குக் கீழே அசையாமல் நின்றது. விற்கும் பேச்சு அதன்பிறகு எழவில்லை. மூன்றரை மணி வேலைக்குப் பைக்கில்தான் போகிறார். அந்தப் பரிசோதகர் இப்போது பழைய வண்டி எது வந்தாலும் முதலில், "வீட்ல வேற யாரு இதை ஓட்டறாங்க? அவங்க எப்படி, கனமான ஆளா?" என்று விசாரிக்கிறாராம். வண்டிக்காரர்கள்தான் எதற்குக் கேட்கிறார் என்று புரியாமல் விழிக்கிறார்கள்.