பெரியவள் எடுத்த சீட்டு

எனக்கு இரட்டைப் பெண்கள். முதலில் பிறந்தவளைப் பெரியவள் என்றும், அவள் பின்னாலேயே வந்தவளைச் சின்னவள் என்றும் கூப்பிடுவோம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் வயது வந்ததும், உத்தமபாளையம் பக்கம் ஓர் இங்கிலீஷ் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய இடங்களுக்கு இருவர் பெயரையும் கொடுத்தோம். கட்டணத்தை அரசாங்கமே கட்டிவிடும். சொந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டீச்சரைக் கூடுதலாகப் போட வக்கில்லை, அடுத்தவன் பள்ளிக்கு அள்ளிக் கொடுக்க மட்டும் மனசு வருகிறதா என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தவள் நான். வரிசையில் முதல் ஆளாய் நின்றவளும் நான்தான்.

இடம் கொஞ்சம், கேட்டு வந்தவர்கள் அதிகம். அதனால் குலுக்கல். பெயர் எழுதிய சீட்டுகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டார்கள். பெரியவர்கள் எடுத்தால் சந்தேகம் வரும் என்று, அங்கிருந்த அதிகாரி ஒரு குழந்தையைக் கூப்பிட்டார். என் பெரியவள் முந்திக்கொண்டு ஓடினாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கடைசி இடத்துக்கு எடுத்த சீட்டைப் பிரித்து அவர் வாசித்தது சின்னவளின் பெயரை. எல்லோரும் கைதட்டினார்கள். பெரியவளும் துள்ளித் துள்ளித் தட்டினாள். இடம் முடிந்தது என்று டப்பாவை மூடிவிட்டார்கள்.

"சார், ரெட்டைப் பிள்ளைக சார். பிரிச்சா தாங்காதுக" என்றேன்.

"நான் என்னம்மா செய்ய? ரூல் அப்படி."

என் வீட்டுக்காரர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறவர். "கெடச்சத விட்டுராத. ஒண்ணாவது இங்கிலீஷ் படிக்கட்டும்" என்றார். மனசே இல்லாமல் சேர்த்தேன்.

சின்னவளுக்கு வாசலில் வேன் வந்தது. பெரியவள் தெருக்கோடி அரசுப் பள்ளிக்கு நடந்தாள். அங்கே ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறை. கோடை முழுக்க வீடு வீடாகப் பிள்ளை கேட்டு அலைந்த டீச்சர், "ரெண்டு பேரும் வருவாகன்னு நெனச்சிருந்தேன்" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. நான்தான் பெரியவளை உள்ளே விட்டுவிட்டு வேகமாகத் திரும்பி நடந்தேன்.

காலையில் தங்கைக்கு ஷூ லேஸ் கட்டிவிடுவது பெரியவள்தான். வேன் ஏறும்வரை கூடவே நிற்பாள். ஒருநாள் வேன் போன பிறகும் வாசலைவிட்டு அவள் நகரவில்லை.

"ஏத்தா, மணியடிச்சிருவாகல்ல?" என்று அதட்டினேன்.

"அம்மா, அன்னைக்கி அந்தச் சார் டப்பாவ மூடாம இருந்திருந்தா, அடுத்தாப்ல என் பேரத்தாம்மா எடுத்திருப்பேன். கைக்கிட்டதான் கெடந்துச்சு."

குலுக்கல் அன்று அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.

"ஆமாத்தா, நானும் பாத்தேன்" என்று சொல்லி, பையை மாட்டிவிட்டேன்.