இருபத்தைந்து டிகிரியில் ரொட்டி

பள்ளிக்கூடத்தை இழுத்து மூடியபோது கணக்கு டீச்சருக்கு நாற்பது தாண்டியிருந்தது. தட்டுத்தடுமாறி சி என்ற கணினி மொழி படித்து, ரொட்டி அடுப்பு செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கேயும் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

அடுப்பை இயக்குவது சி புரோகிராம். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்பது மட்டும் தனியாக ஒரு குட்டி ஸ்கிரிப்டில், வேறு மொழியில் எழுதிய சின்னக் கோப்பில், இருக்கும். அந்த இரண்டு மதிப்புகளையும் புரோகிராமுக்குள் படித்துக் கொண்டுவருவது டீச்சரின் வேலை.

சோதனைக்கு மாவை வைத்துப் பொத்தானை அழுத்தினார். கூட இருந்த எலக்ட்ரீஷியன் அடுப்புக் கதவைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன டீச்சர், சூடே இல்ல? இது அடுப்பா, அலமாரியா?"

திரையில் இருபத்தைந்து டிகிரி, நூற்றெண்பது நிமிடம். ஸ்கிரிப்டைத் திறந்தார். வெப்பம் நூற்றெண்பது, நேரம் இருபத்தைந்து. மூடித் திறந்தார். அப்போதும் அதேதான். வெப்பத்தை மட்டும் கேட்டால் சமர்த்தாக வந்தது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் கட்சி மாறியது. கடைசியில், எடுக்கும் இடங்களின் எண்களை, மைனஸ் ஒன்றையும் மைனஸ் இரண்டையும், இடம்வலமாக மாற்றிப் போட்டார். அடுப்பு சூடேறியது.

"சரியாயிடுச்சா?" என்றார் கணவர், இரவு வீட்டில் சாப்பிடும்போது.

"ஆச்சு."

"என்னதான் தப்பு?"

"அதான் தெரியலைங்க."

மறுநாள் மேலாளர், நீராவி மூன்று நிமிடம் என்று இன்னொரு மதிப்பைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்ததும் திரை வெப்பம் இருபத்தைந்து, நேரம் மூன்று, நீராவி நூற்றெண்பது என்றது. எலக்ட்ரீஷியன் சத்தமில்லாமல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

டீச்சர் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொரு முறையும் வந்ததைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தார். மெல்லப் பிடிபட்டது. ஸ்கிரிப்டிடம் கேட்டதெல்லாம் ஒன்றின் தலைமேல் ஒன்றாக ஏறி உட்காருகிறது. கடைசியாகக் கேட்டது உச்சியில். அவரோ முதலில் கேட்டது முதலில் கிடைக்கும் என்று நினைத்து எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றைக் கேள், எடுத்துக்கொள், இறக்கிவிடு, பிறகு அடுத்தது என்று மாற்றி எழுதினார்.

ரொட்டி பொன்னிறமாக வந்தது. எலக்ட்ரீஷியன் ஊதி ஊதித் தின்றார்.

"இப்ப புரிஞ்சிடுச்சில்ல டீச்சர்?"

"புரிஞ்ச மாதிரிதான் இருக்கு," என்றார் டீச்சர். "ஆனா உச்சியில இருக்கறதுக்கு மைனஸ் ஒண்ணுன்னு எவன் பேர் வெச்சான்?"

கையிலிருந்த ரொட்டியைக் கடிக்காமலே மறுபடி திரைமுன் போய் உட்கார்ந்தார்.