ஆலத்தண்ணீரின் நிறம்

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில், தொழுநோய் இல்லம் ஒன்றுக்குப் புதிய கட்டடம் எழுப்ப நிதி திரட்டி, மொரப்பூரிலிருந்து ஒகேனக்கல் வரை நடந்தோம். நான் அப்போது தாலுகா அலுவலகத்தில் இருந்தேன். ஊர்வலத்துக்கு ஓர் அனுமதி, ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி, எல்லாம் என் வழியாகவே வந்தன. ஊர்வலத் தலைவர் முதலில் நடக்க வேண்டும். அவரை யாரும் முந்தக் கூடாது. முதலுதவி ஜீப் வரிசையின் கடைசியில் வர வேண்டும். ஒரு குறையும் வைக்கவில்லை. எல்லாம் முறைப்படி நடக்கும் காரியங்களைக் கண்டால்தான் எனக்கு இன்றும் பயம்.

தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். விவசாயத்திலிருந்து படித்து மேலே வந்த கத்தோலிக்கக் குடும்பம். அவருடைய அண்ணனுக்குச் சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்திருந்தார்கள். இவருக்கும் சர்க்கரை உண்டு. இரண்டாம் நாள் காலை தர்மபுரி டீக்கடையில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

“எங்கண்ணன் உக்காந்தே இருந்தாருங்க. நடக்கறவன் காலை எவன் எடுப்பான்?”

பென்னாகரம் சாலையில் முதல் ஊரிலேயே பெண்கள் ஆலத்தட்டோடு வழிமறித்தார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த செந்நீரை அவர் முகத்துக்கு நேரே சுற்றிக் காலடியில் ஊற்றினார்கள். அதற்குச் செருப்போடு நிற்கலாமா? கழற்றினார். அடுத்த ஊரிலும் கழற்றினார். அதற்கடுத்த ஊரில், இந்தக் கழற்றி மாட்டும் வேலையே வேண்டாமென்று செருப்பை ஜீப்புக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்.

வெயில் ஏற ஏறத் தார் இளகியது. செருப்பு போட்டிருந்த நாங்களே ஓரத்து மண்ணில் இறங்கி நடந்தோம். அவர் மட்டும் நடுச்சாலையில் கம்பளத்தின் மேல் போவது போலப் போய்க்கொண்டிருந்தார்.

“சாருக்குத் தார் ரோடே சுடலீங்க, பாருங்க,” என்றார் பதாகை பிடித்து வந்த தபால்காரர். “நம்ம காலுதான் கலெக்டர் வூட்டுக் காலு.”

“எல்லாம் பழக்கமுங்க,” என்றார் அவர், திரும்பாமல்.

அவருக்குப் பின்னால் சிவந்த தடங்கள் விழுந்துகொண்டே வந்தன. எல்லோரும் பார்த்தோம். ஆலத்தண்ணீர் அந்த நிறம்தானே. ஓர் ஊரில் ஒரு பெண் குனிந்து அந்தத் தடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மதியத்துக்குப் பிறகு நெடுந்தூரம் ஊரே வரவில்லை. இருபுறமும் புளியமரங்கள், அப்பால் வெடித்துக் கிடந்த ஏரி. கோஷம் போட்டு வந்தவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். காலில் ஊற்றிய தண்ணீர் இந்த வெயிலில் எவ்வளவு நேரம் காயாமல் இருக்கும் என்று தோன்றியது. தடம் இன்னும் ஈரமாக இருந்தது. வலது காலின் தடம் மட்டும். அதில் ஈ மொய்த்தது. சுண்ணாம்புத் தண்ணீரில் ஈ மொய்த்து நான் பார்த்ததில்லை.

முந்தக் கூடாதவரை முந்திப் போய் நின்றேன்.

“சார், நில்லுங்க. கால்ல ரத்தம்.”

“ஆலமுங்க அது. வழிய வுடுங்க, அடுத்த ஊர்ல காத்துட்டிருப்பாங்க.”

“ஆலம் எப்பவோ காஞ்சிருக்கும். காலைத் தூக்குங்க சார்.”

தபால்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். பாதத்தின் தோல் வெந்து உரிந்திருந்தது. குதிகாலுக்குள் ஒரு கண்ணாடித் துண்டு, தார் பூசிக்கொண்டு, அங்கேயே முளைத்தது போல இருந்தது. தபால்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வலிக்கலீங்களா சார்?” என்று கேட்டேன்.

அவர் தாம் வந்த சாலையைத் திரும்பிப் பார்த்தார். அன்று அதுதான் முதல்முறை.

ஜீப் விதிப்படி கடைசியில் இருந்தது. கூட்டத்தை விலக்கி அது முன்னால் வந்து சேரும்வரை மைல்கல்லின் மேல் உட்கார்ந்து, வேறு யாருடையதையோ பார்ப்பது போல அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலைத் தங்கலில் நன்றி சொல்லக் காத்திருந்த தொழுநோய் இல்லத்து மருத்துவர் கண்ணாடித் துண்டை எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டார். பிறகு, தம் நோயாளிகளுக்குப் பயன்படுத்தும் ஊசியை எடுத்தார். அதற்கும் ஒரு முறை உண்டு. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்; குத்துவது தெரிந்ததும் சொல்ல வேண்டும்.

தலைமையாசிரியர் கண்ணை மூடினார். மருத்துவர் கால்விரல் நுனியில் தொடங்கினார். புறங்கால், கணுக்கால், பிறகு கெண்டைக்கால். அறையில் யாரும் அசையவில்லை. ஊசி முழங்காலை நெருங்கிக்கொண்டிருந்தது.

“நான் ரெடிங்க,” என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். “ஆரம்பிங்க டாக்டர்.”